சுருவோகாவின் நெல்வயல்களுக்கு நடுவே ஓர் ஆய்வு வளாகம்: உள்ளாட்சியின் பணம் எதை வாங்கியது?

நூலிழை (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். பெரிய பல்கலைக்கழகங்கள் தலைமை வளாகத்துக்கு வெகுதொலைவில் ஆய்வுக் கிளைகளைத் தொடங்குவதும், அவற்றுக்கு உள்ளூர் அரசுகள் நிலமும் கட்டடமும் பணமும் தருவதும், தொழில் நிறுவனங்கள் அருகில் வந்து அமர்வதும் இன்று பல நாடுகளில் நடக்கின்றன. அப்படிப்பட்ட ஏற்பாடு ஒரு சிறு நகரத்துக்கு என்ன செய்யும் என்பதை அடிக்கல் நாட்டிய அன்றே சொல்லிவிட முடியாது. கால் நூற்றாண்டு கடந்த ஓர் எடுத்துக்காட்டு நம் முன் இருப்பதால், அதைப் பற்றி நிதானமாகப் பேசலாம் என்று இந்த இழையைத் தொடங்குகிறேன்.

ஜப்பானின் முதன்மைத் தீவின் வடபகுதியில், ஜப்பான் கடலோரத்தில், யமகதா மாகாணத்தின் ஷோனாய் சமவெளியில் சுருவோகா என்ற நகரம் இருக்கிறது. தோக்கியோவிலிருந்து நீகதா வரை ஷின்கான்சென் ரயிலில் சென்று, அங்கே இறங்கி, கடலை ஒட்டி ஓடும் இனாஹோ விரைவு வண்டியில் ஏறினால் மொத்தம் நான்கு மணி நேரப் பயணம். நெல்லும் எதாமாமே சோயாக்காயும் விளைகிற, குளிர்காலத்தில் கடற்காற்றோடு பனி கிடைமட்டமாக அடிக்கிற ஊர் அது. தோக்கியோவைத் தலைமையிடமாகக் கொண்டதும், 1858இல் ஃபுகுசாவா யுகிச்சி தொடங்கியதுமான கேயோ பல்கலைக்கழகம், 2001இல் தன் உயர்நிலை உயிரியல் ஆய்வு நிலையத்தை இந்த ஊரில் நிறுவியது. கட்டடங்களை உள்ளூர் அரசுகள் எழுப்பின. ஆய்வைக் கேயோ நடத்துகிறது. மாகாணமும் நகரமும் சேர்ந்து, பெரும்பாலான ஆண்டுகளில், ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 70 கோடி யென் ஆய்வுக்காக வழங்கி வந்திருக்கின்றன.

தொடக்கம் முதல் 2023 வரை நிலையத்தின் இயக்குநராக இருந்தவர் தோமிதா மசாரு. உயிரணு ஒன்றின் செயல்பாடுகளை முழுவதுமாகக் கணினியில் இயக்கிக் காட்ட வேண்டும் என்பதே அவர் 1990களில் தொடங்கிய ஈ-செல் திட்டத்தின் நோக்கம். கணினி மாதிரியைச் சரிபார்க்க வேண்டுமானால், உண்மையான உயிரணுவுக்குள் எந்தச் சேர்மம் எவ்வளவு இருக்கிறது என்று அளந்தாக வேண்டும். அன்று அதற்குத் தகுந்த கருவி இல்லை. பகுப்பாய்வுக் கருவித் துறையில் பணியாற்றிவிட்டு வந்த சோகா தொமொயோஷி அதைச் சுருவோகாவில் உருவாக்கினார். தலைமுடியை விட மெல்லிய உள்விட்டம் கொண்ட நீண்ட கண்ணாடிக் குழாயில் மின்னழுத்தம் செலுத்தி, மின்னேற்றமுள்ள மூலக்கூறுகளைப் பிரித்து, அவை வெளிவரும் முனையிலேயே, மூலக்கூறுகளின் நிறையைக் கண்டறியும் கருவியான நிறைமானியில் அளக்கும் முறை அது. அமினோ அமிலங்களும் கரிம அமிலங்களும் நியூக்ளியோடைடுகளும் பெரும்பாலும் மின்னேற்றமுள்ளவை என்பதால், ஒரே மாதிரியில் நூற்றுக்கணக்கான வளர்சிதைப் பொருள்களை, அதாவது உயிரணுவின் வேதிவினைகளில் உண்டாகும் சிறு மூலக்கூறுகளை, அளவிட இந்த முறை வழி செய்தது.

2003இல் இந்த முறையை வைத்தே ஹியூமன் மெட்டபோலோம் டெக்னாலஜீஸ் என்ற நிறுவனம் அங்கே பிறந்தது. 2013 டிசம்பரில் தோக்கியோ பங்குச் சந்தையில் வளரும் நிறுவனங்களுக்கென இருந்த மதர்ஸ் பிரிவில் இடம்பெற்றது. 2007இல் செயற்கைச் சிலந்திப் பட்டுக்காக ஸ்பைபர் தொடங்கப்பட்டது. உமிழ்நீரிலிருந்து புற்றுநோய் அபாயத்தைக் கணிக்கும் நிறுவனம், குடல் நுண்ணுயிரிகளை ஆராயும் மெட்டாஜென், இதய நோய்க்கான உயிரணு மருத்துவத்தில் ஈடுபட்டுள்ள மெட்செலா என்று வரிசை தொடர்ந்தது. 2017இல் ஜப்பானின் தேசியப் புற்றுநோய் மையமும் தன் ஆய்வுப் பிரிவொன்றை அங்கே திறந்தது.

இது வெற்றிதான் என்பது என் கருத்து. ஆனால் யாருடைய வெற்றி, யாருடைய பணத்தில் என்ற கேள்வியை இங்குள்ளவர்கள் ஆராய வேண்டும் என்று விரும்புகிறேன்.

கணக்காயர்

நூலிழை அவர்களின் அறிமுகத்துக்கு நன்றி. உள்ளாட்சித் தணிக்கையில் என் பணிக்காலம் முழுவதையும் கழித்தவன் என்ற முறையில், நான் அந்த 70 கோடி யென்னிலிருந்துதான் தொடங்க முடியும்.

2005இல் அக்கம்பக்கத்துச் சிற்றூர்களை இணைத்துக்கொண்டபோது சுருவோகாவின் மக்கள்தொகை ஏறத்தாழ 1,42,000. 2020 கணக்கெடுப்பில் அது 1,22,000 அளவுக்கு இறங்கிவிட்டது. ஆய்வு நிலையம் முழு வேகத்தில் இயங்கிய அதே பதினைந்து ஆண்டுகளில்தான் 20,000 பேர் குறைந்திருக்கிறார்கள். மானியத்தில் பாதி நகரத்தின் பங்கு என்று கொண்டு தலைக்கு வகுத்தால், குழந்தை முதல் முதியவர் வரை ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,900 யென் வருகிறது. பனி அள்ளும் செலவும் முதியோர் பராமரிப்புச் செலவும் கூடிக்கொண்டே போகும் ஓர் ஊருக்கு இது சிறு தொகை அன்று.

ஆய்வைக் குறை சொல்வது என் நோக்கமன்று. உள்ளாட்சி ஒரு சாலைக்குப் பணம் கொடுத்தால் எத்தனை கிலோமீட்டர் போடப்பட்டது என்று கேட்கலாம். பள்ளிக்குக் கொடுத்தால் எத்தனை பிள்ளைகள் படித்தார்கள் என்று கேட்கலாம். ஓர் ஆய்வு நிலையத்துக்கு இருபத்தைந்து ஆண்டுகளாகப் பணம் கொடுக்கும்போது எந்தக் கேள்வியைக் கேட்பது? ‘நிறுவனங்கள் பிறந்தன’ என்பதை விடையாக ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. நிறுவனங்கள் பிறக்கும், மறையும், இடம் மாறும். வரி கொடுத்தவர்கள் அங்கேயேதான் இருப்பார்கள்.

நுண்ணுயிரி

கணக்காயர் ஐயாவின் கேள்வி நியாயமானது. அதற்கு நேரடியான விடை என்னிடம் இல்லையென்றாலும், அவருடைய கணக்கில் வராத ஒன்றை இங்கே வைக்க விரும்புகிறேன்.

நான் தமிழ்நாட்டில் பாக்டீரியா மரபியல் ஆய்வகம் ஒன்றில் பணியாற்றியவள். எங்கள் மைனஸ் 80 டிகிரி உறைபெட்டியின் மேல் தட்டில், கிளிசராலில் உறைந்த சிறு குப்பிகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றின் மூடியிலும் ஒரு மரபணுவின் பெயர் எழுதியிருக்கும். ஈ. கோலை பாக்டீரியாவில் ஒரே ஒரு மரபணுவை மட்டும் நீக்கி, அந்த இடத்தில், கானமைசின் என்ற பாக்டீரியக் கொல்லி மருந்தைத் தாங்க உதவும் எதிர்ப்பு மரபணுவைப் பொருத்திய திரிபுகள் அவை. உலகமெங்கும் இவற்றைக் ‘கேயோ தொகுப்பு’ என்றே அழைக்கிறார்கள். 2006இல் வெளிவந்த இந்தத் தொகுப்பில் 3,985 மரபணுக்கள் ஒவ்வொன்றாக நீக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே எடுத்த இரண்டு திரிபுகள் வீதம், ஏறத்தாழ எட்டாயிரம் குப்பிகள். மோரி ஹிரோதாதா தலைமையில் நாரா அறிவியல் தொழில்நுட்ப நிறுவனமும் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகமும் இந்தச் சுருவோகா நிலையமும் சேர்ந்து செய்த வேலை அது.

முன்பு ஒரு மரபணுவை நீக்குவதற்கே ஓர் ஆய்வு மாணவரின் பல வாரங்கள் போய்விடும். இப்போது குப்பியை எடுத்து, கானமைசின் கலந்த அகார் தட்டில் கோடிழுத்து, மறுநாள் காலையில் சோதனையைத் தொடங்கிவிடலாம். மருந்து எதிர்ப்பு, உப்பு தாங்குதிறன், வெப்ப அதிர்ச்சி என்று எதை ஆராய்பவரும் அந்தத் தொகுப்பைத் தொடாமல் இருப்பது அரிது. ஷோனாய் மக்களின் வரிப்பணத்தில் ஒரு சிறு பங்கு எங்கள் உறைபெட்டி வரை வந்து சேர்ந்திருக்கிறது என்பதை நான் நன்றியோடு நினைக்கிறேன்.

கணக்காயர்

நுண்ணுயிரி அம்மையார் சொன்னதை மனமாரப் போற்றுகிறேன். ஆயினும் என் கேள்வி இதனால் இன்னும் கூர்மையாகிறது. உலகத்துக்கே பயன்படும் பொதுச் சொத்தை உருவாக்குவது நடுவண் அரசின் கடமை. அதற்கென்றே தேசிய ஆய்வு நிதி இருக்கிறது. மக்கள் குறைந்துவரும் ஒரு நெல் விளையும் ஊர் ஏன் அந்தச் சுமையில் பங்கு ஏற்க வேண்டும்?

வடகடல்

சில ஆண்டுகள் ஷோனாய்ப் பகுதியில் குடும்பத்தோடு வசித்தவள் என்பதால் இதில் கலந்துகொள்கிறேன். ஊர்மக்களுக்கு அந்த நிலையம் எப்படித் தெரிகிறது என்பதைச் சொன்னால் பயன்படும் என்று நினைக்கிறேன்.

பெரும்பாலானோருக்கு அது முதலில் தெரிய வந்தது பங்குச் சந்தைச் செய்தியால் அன்று. ஆண்டு உடல்நலப் பரிசோதனையால். 2012இல் நிலையமும் நகரமும் உள்ளூர் மருத்துவத் துறையினரும் சேர்ந்து, 35 வயது முதல் 74 வயது வரையுள்ள நகரவாசிகளிடையே ஒரு நீண்டகால ஆய்வைத் தொடங்கினார்கள். ஏறத்தாழ 11,000 பேர் அதில் இணைந்தார்கள். காலையில் வெறும் வயிற்றோடு பரிசோதனைக்குச் செல்கிறவரிடம் செவிலியர் ஆய்வைப் பற்றி விளக்குவார். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டால், வழக்கமான இரத்தக் குழாய்களோடு ஆய்வுக்கும் இரத்தம் எடுத்துக்கொள்வார்கள், சிறுநீரும் சேகரிப்பார்கள். அந்த இரத்தத்தில் உள்ள வளர்சிதைப் பொருள்களை, நூலிழை விளக்கிய அதே முறையில் நகரத்துக்குள்ளேயே அளந்து, பின்னாளில் யாருக்கு நீரிழிவோ மாரடைப்போ பக்கவாதமோ வந்தது என்பதோடு ஒப்பிடுவார்கள்.

பதினொராயிரம் பேர் நம்பி முன்வந்ததன் பொருளைக் கவனிக்க வேண்டுகிறேன். தோக்கியோவில் இருக்கும் ஒரு பல்கலைக்கழகம் கடிதம் அனுப்பிக் கேட்டிருந்தால் இது நடந்திருக்காது. பக்கத்து வீட்டுப் பெண் அங்கே ஆய்வக உதவியாளராக வேலை செய்கிறாள், எதிர்வீட்டுப் பையன் பள்ளி முடிந்து மாலையில் அங்கே போகிறான் என்ற நிலை வந்த பிறகே மக்கள் கையை நீட்டினார்கள். உள்ளூர் உயர்நிலைப் பள்ளி மாணவர்களை நிலையம் ஆய்வு உதவியாளர்களாகவும் சிறப்பு ஆய்வு மாணவர்களாகவும் சேர்த்துக்கொள்கிறது. நுண்குழாய்ச் சொட்டானை (பிப்பெட்டை) பதினாறு வயதில் கையில் பிடித்த பிள்ளைகள் எனக்குத் தெரிந்த குடும்பங்களிலேயே இருக்கிறார்கள். முன்பெல்லாம் படிப்பில் கெட்டிக்காரப் பிள்ளை என்றால் பெருநகரமான செந்தாய்க்கோ தோக்கியோவுக்கோ போய்விடும், திரும்பி வராது என்பதைப் பெற்றோர் விதியாகவே ஏற்றுக்கொண்டிருந்தார்கள். இன்று அவர்களில் சிலருக்காவது ஊரிலேயே அறிவியல் வேலை இருக்கிறது என்பதை ஐயா எந்தத் தலைப்பில் வரவு வைப்பார் என்று அறிய விரும்புகிறேன்.

தறி

பட்டுத் தொழில் சார்ந்த குடும்பத்தைச் சேர்ந்தவன் என்பதால் ஒரு செய்தியைச் சேர்க்கிறேன். சுருவோகாவுக்கு இது முதல் தொழில் மாற்றம் அன்று. மெய்ஜி ஆட்சி மாற்றத்துக்குப் பின் வேலையற்றுப்போன ஷோனாய்ப் பிரபுவின் சாமுராய்கள் ஏறத்தாழ 3,000 பேர், 1872இல் மட்சுகவோகா என்ற இடத்தில் காட்டைத் திருத்தி முசுக்கொட்டை நட்டு, பட்டுப்புழு வளர்ப்பில் இறங்கினார்கள். அங்கே கட்டிய பெரிய புழு வளர்ப்பு மனைகள் சில இன்றும் நிற்கின்றன. புழு வளர்ப்பிலிருந்து நூற்பு, நெசவு, சாயம், அச்சு வரை பட்டின் எல்லாப் படிநிலைகளும் ஒரே வட்டாரத்தில் எஞ்சியிருப்பது ஜப்பானில் அங்கேதான் என்று அவ்வூரார் பெருமையோடு சொல்வார்கள். அதே ஊரிலிருந்து சிலந்திப் பட்டு வந்ததை வெறும் தற்செயல் என்று எடுத்துக்கொண்டாலும், பட்டு என்றால் என்னவென்று கைப்பழக்கத்தில் அறிந்த ஊர் அந்த முயற்சியைக் கேலியாகப் பார்த்திருக்காது என்பது உறுதி.

கணக்காயர்

வடகடல் அம்மையாருக்கு: அதை மனிதவளத் தலைப்பில் வரவு வைப்பேன், ஆனால் எண்ணிக்கையோடு வைப்பேன். ‘சிலருக்காவது’ என்பது எத்தனை பேர் என்று நகரமன்றம் ஆண்டுதோறும் கேட்டு, அதன் விடையைப் பொதுவில் வைக்க வேண்டும்.

தறி அவர்களுக்கு: சிலந்திப் பட்டுப் பேச்சு வந்ததால் கேட்கிறேன். ஸ்பைபரின் வணிக அளவிலான உற்பத்தி ஆலை தாய்லாந்தின் ராயோங்கில் அமைந்தது. கருவாகி வளர்ந்த செலவு ஷோனாயினுடையது, ஆலை மட்டும் ராயோங்கினுடையது என்றால், தணிக்கையாளர் என்ன எழுதுவார்?

நூலிழை

இந்தக் கேள்விக்குச் சற்று விரிவாக விடை சொல்ல வேண்டும். இழைத் தொழில்நுட்பம் என் துறை என்பதால் பொறுமையோடு படிக்க வேண்டுகிறேன்.

சிலந்தியைப் பட்டுப்புழு போல வளர்க்க முடியாது, ஒன்றையொன்று தின்றுவிடும். ஆகவே சிலந்திப் பட்டுப் புரதத்தின் மரபணுவைத் தக்கபடி வடிவமைத்து, நுண்ணுயிரிக்குள் செலுத்தி, சர்க்கரையை உணவாகக் கொடுத்து நொதிக்கலனில் புரதத்தைப் பெருக்கி, பிரித்தெடுத்த பொடியைக் கரைத்து இழையாக இழுக்கிறார்கள். கேயோ மாணவராக இருந்த செகியாமா கசுஹிதேவும் நண்பர்களும் இதில் இறங்கியபோது அளவு மிகச் சிறியது. 2013இல் ஐச்சி மாகாணத்தைச் சேர்ந்த வாகன உதிரிபாக நிறுவனமான கோஜிமா பிரஸ்ஸுடன் சேர்ந்து சுருவோகாவிலேயே சோதனை உற்பத்திக் கூடம் அமைத்தார்கள். 2015இல் கோல்ட்வின் நிறுவனத்தோடு ‘மூன் பார்கா’ என்ற குளிர் மேலங்கியின் மாதிரியைக் காட்டினார்கள். காட்டிய பிறகு உடனே விற்க முடியவில்லை. காரணம், இயற்கைச் சிலந்திப் பட்டு நனைந்தால் வெகுவாகச் சுருங்கும். சிலந்தி வலைக்கு அது நன்மை: பனித்துளி பட்டதும் வலை இறுகும். மழையில் அணியும் மேலங்கிக்கு அதுவே கேடு. சுருக்கத்துக்குக் காரணமான அமினோ அமிலத் தொடர்களைக் கண்டறிந்து, புரதத்தின் வடிவத்தையே மாற்றிய பின், 2019இல் ஐம்பது மேலங்கிகளை மட்டும், ஒவ்வொன்றும் 1,50,000 யென் விலையில் விற்றார்கள்.

இந்த நான்கு ஆண்டு வேலையில் பெரும்பகுதி சுருவோகாவில் நடந்தது. உற்பத்தி ராயோங்குக்குச் சென்றதற்குக் காரணம் சர்க்கரை. நொதித்தலின் பெருஞ்செலவு மூலப்பொருள். கரும்பும் மரவள்ளியும் விளையும் தாய்லாந்தில் அது கிடைக்கும் விலைக்கு, குளிர்நாட்டு நெல்வயலில் கிடைக்காது. எந்த நகரமன்றம் எவ்வளவு மானியம் கொடுத்தாலும் மாற்ற முடியாத கணக்கு இது. எனவே ‘ஆலை ஏன் இங்கே வரவில்லை’ என்று கேட்பதைவிட, வடிவமைப்பும் சோதனையும் தலைமையகமும் ஊரில் தங்க எது காரணம், அவை நீடிக்க எது வேண்டும் என்று கேட்பதே பயனுள்ள தணிக்கை என்பேன். அதே வேளையில் ஐயாவின் அச்சத்தில் உண்மை இருக்கிறது. இத்தகைய பெருமுதலீட்டு உயிர்த்தொழில் நுட்ப நிறுவனங்களின் நிதிநிலை எப்போதும் கத்திமுனையில் இருக்கும். ஓர் ஊர் தன் எதிர்காலம் முழுவதையும் ஒரே நிறுவனத்தின் மேல் வைத்தால் அது தவறாகிவிடும்.

இதை விளக்க, கேயோவின் மற்ற கிளைகளையும் பார்க்க வேண்டும். கவாசாகி நகரத்துடன் சேர்ந்து ஷின்-கவாசாகியில் 2000இல் ஒரு கிளையைத் தொடங்கியது; அது நகரின் இடத்தில் அமைந்து, தொழில்துறைக் கூட்டாய்வுகளுக்கென்றே திட்டமிடப்பட்டது. 2016இல் அதே நகரின் தோனோமாச்சியில், தாமா ஆற்றுக்கு அப்பால் ஹானேதா விமான நிலையத்தை எதிர்நோக்கி, முன்பு இசுசு வாகனத் தொழிற்சாலை இருந்த நிலப்பகுதியில் உருவான கிங் ஸ்கைஃபிரண்ட் ஆய்வு மண்டலத்திலும் ஒரு கிளை வந்தது. பதினைந்து இலட்சம் மக்களும் பெரும் மின்னணு நிறுவனங்களும் உள்ள கவாசாகிக்கு, கேயோ என்பது ஏற்கெனவே இருந்த கூட்டத்தில் இன்னொரு விருந்தினர். கேயோ இல்லாவிட்டாலும் அங்கே ஆய்வு நடக்கும். சுருவோகாவில் அப்படி இல்லை. அழைத்து வரத் தொழில்துறை எதுவும் அருகில் இல்லாததால், தொழில்துறை உருவாகும் வரை உள்ளாட்சியே காத்திருந்து பணம் கொடுக்க வேண்டியிருந்தது. மானியத்தின் பெரும்பகுதி காத்திருப்பதற்கான விலை என்றே நான் பார்க்கிறேன். முதல் ஐந்து ஆண்டுகளில் உடனடிப் பயனைக் கேட்டிருந்தால், நிலையம் அன்று விலைபோகும் எதையாவது செய்துகொண்டிருக்கும். யாரும் செய்யாத அளவீட்டு முறையை உருவாக்கியிருக்காது.

பூங்காவாசி

சென்னைத் தரமணியில் ஐஐடி மெட்ராஸ் ஆய்வுப் பூங்காவில் ஒரு சிறு நிறுவனத்தில் பணியாற்றியவன். 2010இல் திறக்கப்பட்ட அந்தப் பூங்காவின் நிலம் தமிழ்நாடு அரசு தந்தது. அங்கே இடம் பிடிக்கும் நிறுவனங்கள் வாடகை கொடுத்தால் மட்டும் போதாது; மாணவர்களைப் பயிற்சியில் சேர்ப்பது, பேராசிரியர்களோடு கூட்டாய்வு செய்வது, ஆலோசனை பெறுவது போன்றவற்றுக்குப் புள்ளிகள் உண்டு, குறித்த அளவு புள்ளிகளைத் தொடர்ந்து ஈட்டியாக வேண்டும். வெறும் அலுவலகக் கட்டடமாக மாறிவிடாமல் இருக்க அந்த விதி பெரிதும் உதவியது என்பதை உள்ளிருந்து பார்த்திருக்கிறேன். சுருவோகாவில் நிறுவனங்களை ஊரோடும் நிலையத்தோடும் பிணைத்து வைக்கும் இப்படிப்பட்ட விதி எதுவும் இருக்கிறதா?

வடகடல்

பூங்காவாசி அவர்களே, விதியைவிட அங்கே இட அமைப்புதான் பிணைக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. நகரம் தானே கட்டி 2006இல் திறந்த வாடகை ஆய்வகக் கட்டடம் ஒன்று உண்டு. நிலையத்தின் ஆய்வகங்களும் புதிய நிறுவனங்களும் தேசியப் புற்றுநோய் மையத்தின் பிரிவும் அந்தக் கட்டடத் தொகுப்பிலேயே இருக்கின்றன. விலையுயர்ந்த நிறைமானிகளும் அவற்றை இயக்கத் தெரிந்தவர்களும் அங்கேதான் இருப்பதால், ஒரு சிறு நிறுவனம் அவ்விடத்தை விட்டு எளிதில் நகராது. கருவியைப் பெயர்த்து எடுத்துச் செல்லலாம். அது சத்தமிட்டால் என்ன பொருள் என்று தெரிந்த ஆளை எடுத்துச் செல்வது கடினம்.

நான் அதிகம் மதிப்பது அதற்கு அடுத்து நடந்ததை. அறிவியல் பூங்காவுக்கென ஒதுக்கிய 21 ஹெக்டேரில் 14 ஹெக்டேர் வளர்ச்சியின்றிக் கிடந்தது. நகரத்திடம் அதற்குப் பணம் இல்லை. 2014இல் தொடங்கப்பட்ட யமகதா டிசைன் என்ற நிறுவனம், உள்ளூர் வணிகர்களிடமும் வங்கிகளிடமும் முதலீடு திரட்டி, அரசின் மானியத்தையே நம்பியிராமல் அந்த நிலத்தை எடுத்து வளர்த்தது. 2018இல் கட்டடக் கலைஞர் பான் ஷிகெருவின் வடிவமைப்பில் சுய்தென் தெராசே என்ற மர விடுதி வயல்களுக்கு நடுவே எழுந்தது. நடவு நேரத்தில் போனால் விடுதியின் மரத்தூண்களும் கூரையும் வயல் நீரில் தலைகீழாகத் தெரியும். தவளைச் சத்தம் அறைக்குள் கேட்கும். வந்துபோகும் ஆய்வாளர்கள் அங்கே தங்குகிறார்கள். ஊர்க்காரர்கள் அங்குள்ள வெந்நீர்க் குளியலுக்கு வருகிறார்கள். பக்கத்திலேயே, பனிக்காலத்திலும் குழந்தைகள் ஓடியாட உள்ளரங்கு விளையாட்டுக் கூடம் ஒன்றும் கட்டினார்கள். நகரமன்றம் ஆணையிட்டு இதைச் செய்திருக்க முடியாது. பதினைந்து ஆண்டுகள் நிலையம் அங்கேயே நிலைத்து நின்றதைப் பார்த்த பிறகுதான் உள்ளூர் வணிகர்கள் தங்கள் சொந்தப் பணத்தை எடுத்து வைத்தார்கள்.

கணக்காயர்

உள்ளூர் வணிகர் தம் சொந்தப் பணத்தைப் போட்டார் என்பது, இதுவரை இந்த இழையில் சொல்லப்பட்டவற்றுள் என்னை அதிகம் அசைத்த சான்று. மானியம் பெறுகிறவர் சொல்லும் வெற்றிக் கதையைவிட, மானியம் பெறாதவர் எடுக்கும் துணிவு நம்பத்தக்கது.

இருந்தாலும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. பொதுப் பணத்தில் பிறந்த அறிவு யாருக்குச் சொந்தம்? நிறுவனம் காப்புரிமையோடு எடுத்துச் சென்றுவிட்டால், நாளை அது மூடப்படும்போது ஊரிடம் என்ன மிஞ்சும்?

நுண்ணுயிரி

இதற்கு அண்மைக்கால எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. தோமிதாவுக்குப் பின் இயக்குநரான அரகாவா கசுஹாரு, நீர்க்கரடிகள் எனப்படும் நுண்ணிய விலங்குகளையும் சிலந்திப் பட்டையும் ஆராய்பவர். அவருடைய குழு ஸ்பைபருடனும் பிற ஆய்வு நிறுவனங்களுடனும் சேர்ந்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிலந்தி இனங்களைத் திரட்டி, அவற்றின் பட்டு மரபணுத் தொடர்களைப் படித்து, இழைகளின் வலிமை, நீட்சி போன்ற இயற்பியல் பண்புகளையும் அளந்து, இரண்டையும் இணைத்துக் காட்டியது. அந்தத் தரவு முழுவதும் 2022இல் பொதுவில் வெளியிடப்பட்டது. எந்த அமினோ அமிலத் தொடர் எந்தப் பண்பைத் தருகிறது என்பது அந்தத் தொழிலின் உயிர்நாடி. அதைப் போட்டியாளர்களும் படிக்கும்படி திறந்து வைத்திருக்கிறார்கள். உற்பத்தி நுட்பங்கள் நிறுவனத்திடம் இருக்கும், காப்புரிமைகளும் இருக்கும். ஆனால் அடித்தள அறிவு நிறுவனத்தின் ஆயுளோடு கட்டப்படவில்லை. நிறுவனம் நாளை இல்லாமற் போனாலும், அந்தச் சிலந்திகளை எங்கிருந்து பிடித்து எப்படி அளந்தார்கள் என்று தெரிந்தவர்கள் சுருவோகாவில் இருப்பார்கள். பல்கலைக்கழகக் கிளைக்கும் தனியார் ஆய்வுக்கூடத்துக்கும் உள்ள வேறுபாட்டை நான் இந்த இடத்தில்தான் காண்கிறேன்.

கணக்காயர்

நன்றி அம்மையே. ஊர் ஏன் பணம் கொடுக்க வேண்டும் என்று முன்பு கேட்டதை இப்போது இப்படி மாற்றிக்கொள்கிறேன்: கொடுக்கலாம், ஆனால் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் மூன்று செய்திகள் எளிய மொழியில் நகரத்தின் ஒவ்வொரு வீட்டுக்கும் போய்ச் சேர வேண்டும். உள்ளூர்ப் பள்ளிகளிலிருந்து ஆய்வுக்கு வந்தவர்களில் எத்தனை பேர் இன்று எங்கே இருக்கிறார்கள் என்பது முதலாவது. இரத்தம் கொடுத்த பதினொராயிரம் பேரின் மாதிரிகளிலிருந்து என்ன தெரிய வந்தது, அவர்களுடைய ஊர் மருத்துவமனையில் அதனால் என்ன மாறியது என்பது இரண்டாவது. நகரக் கட்டடத்தில் வாடகைக்கு இருக்கும் நிறுவனங்கள் கொடுத்த வரி, வாடகை, ஊதியம் ஆகியவற்றின் கூட்டுத்தொகை மூன்றாவது. இவற்றில் முதல் இரண்டும் நன்றாக இருந்து மூன்றாவது குறைவாக இருந்தால், மானியத்தைத் தொடருமாறு நானே பரிந்துரைப்பேன். மூன்றாவது மட்டும் நன்றாக இருந்தால் நிறுத்தச் சொல்வேன்.

வடகடல்

இரண்டாவது செய்தியை முதலாவதாக வையுங்கள் ஐயா. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டவர்களில் பலருக்கு இப்போது எண்பது வயதாகிறது. அவர்களிடம் முதலில் சொல்லியாக வேண்டும்.